கதவில் மாட்டிய சம்பளம்

எதையும் எண்ணிப் பார்ப்பது என் சுபாவம். பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்காமல் இன்றும் எனக்குத் தூக்கம் வராது. எழுபதுகளில் நான் எண்ணியது வாசலில் கிடந்த செருப்புகளை. ஒரு ஜோடிக்கு ஒரு மாணவர்.

செங்கம் சாலையில் என் அண்ணன் வீட்டு முன்னறையில் வாய்ப்பாட்டும் வயலினும் சொல்லிக்கொடுத்தேன். முகூர்த்த நாட்களில் கல்யாணக் கச்சேரிகளுக்குப் பக்கவாத்தியம் வாசித்தேன். பி.ஏ. படித்தவன்தான். ஆனாலும் நானும் என் மனைவியும் சாப்பிட்டது அண்ணனின் மண்டி அரிசி. பாட்டு வாத்தியார் வாய்விட்டுச் சம்பளம் கேட்கக் கூடாது என்பது அன்றைய வழக்கம். வெற்றிலைக்கு அடியில் வைத்துக் கொடுப்பதை, கொடுத்தவர் போன பிறகுதான் எடுத்துப் பார்க்க வேண்டும். அடி அண்ணாமலை கிராமத்துப் பிள்ளைகள் பணத்துக்குப் பதில் வேர்க்கடலையும் கத்திரிக்காயும் கொண்டு வந்தார்கள்.

ஒருநாள் சாப்பிடும்போது அண்ணன் சொன்னார்: "கார்த்திகை தீபம் வரைக்கும் பாருடா. அதுக்குள்ள தனிக்குடித்தனம் போற அளவுக்குச் சம்பாதிக்கலன்னா, பிடிலை மூட்டை கட்டிட்டு மண்டியில கணக்கு எழுத வந்துடு."

அவர் கேலி செய்யவில்லை, அக்கறையோடு சொன்னார். அதனாலேயே எனக்குப் பயம் வந்தது.

வாடகைக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருந்தேன். அதைச் சொன்னதும் என் மனைவி, "வீட்டுக்காரருக்கும் கத்திரிக்காயே குடுத்துடலாங்களா?" என்று கேட்டாள்.

அன்று மாலையே ஓர் அட்டையில் எழுதிக் கதவில் மாட்டினேன்: ‘மாதச் சம்பளம் பதினைந்து ரூபாய். ஐந்தாம் தேதிக்குள்.’

"இன்னாடா இது, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டா?" என்றார் அண்ணன்.

மறுநாள் பன்னிரண்டு ஜோடி செருப்பு நான்காகிவிட்டது. அந்த வாரம் முழுவதும் அட்டையைக் கழற்றிவிடலாமா என்று கதவருகே போவதும் திரும்புவதுமாக இருந்தேன்.

அடுத்த வாரம் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்த ஓர் அம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"ஒரு வருஷமா பாட்டு கத்துக்கணும்னு கேக்கறா சார். எவ்ளோ வைக்கிறதுனு எனக்குத் தெரியல. கம்மியா வச்சா மரியாதையில்ல, ஜாஸ்தி வைக்க வழியில்ல. அதான் வரல. நேத்து போர்டைப் பார்த்தேன், வந்துட்டேன்."

கேட்காமல் இருப்பதுதான் பெருந்தன்மை என்று நாங்கள் நினைத்திருந்தோம். அது எத்தனை பேரைத் தெருவிலேயே நிறுத்தி வைத்திருந்தது! அந்த அம்மாள் சொல்லி மற்ற நர்சுகளின் பிள்ளைகள் வந்தார்கள். பிறகு கண்டக்டர் வீட்டுப் பெண், போஸ்ட்மேன் மகன். விட்டுப்போனவர்களிலும் பாதிப் பேர் திரும்பினார்கள். கார்த்திகை பிறந்தபோது இருபத்து மூன்று ஜோடி! கச்சேரிக்கும் தொகையை முன்கூட்டியே சொல்ல ஆரம்பித்தேன். சிலர் முகம் சுளித்தார்கள், ஆனாலும் அழைத்தார்கள். எண்பதுகளில் வேங்கிக்காலில் சொந்த வீடு கட்டியது இந்த வருமானத்தில்தான்.

அந்த வருஷமே, தீபத்துக்கு முந்தின வாரம் தனிக்குடித்தனம் போனோம். முதல் மாத அரிசிக்கு அண்ணன் மண்டிக்கே போனேன்.

"பணம் எதுக்குடா? எடுத்துட்டுப் போ."

"மத்தவங்களுக்கு என்ன விலையோ அதைப் போடுங்கண்ணா."

"சரி, ரெண்டு ரூபா கம்மி பண்ணிக்கறேன்."

"வேணாங்கண்ணா."

அண்ணன் முழு விலையையும் வாங்கிக்கொண்டார். நோட்டுகளை இரண்டு தரம் எண்ணிக் கல்லாவில் போட்டார். அரிசி மூட்டையை நான் சைக்கிளில் ஏற்றும்போது பின்னாலேயே வந்து கேட்டார்:

"ஏன்டா, என் பொண்ணை அனுப்பினா அவளுக்கும் பதினஞ்சுதானா?"

"ஆமாண்ணா. அஞ்சாம் தேதிக்குள்ள."