மடியில் ஏவுகணையோடு ஒரு பஸ் பயணம்

வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றுக்காக நான் மரத்தில் செய்த ஏவுகணை மாதிரியை இன்று கூரியரில் போடப் புறப்பட்டேன். நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவுகிற வகை, இரண்டடி நீளம். பழைய பேப்பரில் சுற்றி, அச்சுவேலியில் பஸ் ஏறி, மடியில் வைத்துக்கொண்டேன்.

பொலிஸ் சோதனை ஏதும் வருமோ என்று ஒவ்வொரு சந்தியிலும் எட்டிப் பார்த்தேன். பக்கத்து சீற்றில் இருந்த அக்கா, பேப்பர் கிழிந்த இடத்தால் உள்ளே பார்த்துவிட்டார்.

“உது ஷெல்லோ?”

“இல்லை அக்கா, ஏவுகணை. வெறும் மரம்தான்.”

அவர் முகம் மாறியது. அதற்குள் பொலிஸ்காரர் ஒருவர் ஏறி, நேரே என்னிடம் வந்தார்.

“என்ன இது?”

நான் பேப்பரை இழுத்து மூடினேன்.

“குத்துவிளக்கு தம்பி,” என்றார் அக்கா. “கலியாண வீட்டுக்குக் கொண்டு போறம்.”

பொலிஸ்காரர் இறங்கிப் போனார். நான் நன்றி சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

“சண்டைக்குள்ளை ஷெல் விழுந்துதான் எங்கடை வீடு போனது. உந்தக் கையாலை வேறை ஏதும் செய்யேலாதோ, பிள்ளை?”

“செய்யலாம் அக்கா.”

யாழ்ப்பாணம் வரும்வரை பொதியை சீற்றுக்குக் கீழே வைத்திருந்தேன்.

பொதியை அனுப்பியாயிற்று. அருங்காட்சியகத்தார் இப்போது நீர்மூழ்கிக் கப்பலையும் மரத்தில் செய்து தரக் கேட்கிறார்கள். சம்மதம் என்று எழுதி மூன்று தரம் அழித்துவிட்டேன்.

நீங்களென்றால் என்ன எழுதுவீர்கள்?