இரவல் பூட்ஸில் ஓர் இறுதி ஆட்டம்

நடுவர் விசிலை உதட்டில் வைத்தபடி எங்கள் கால்களைத்தான் பார்த்தார். ஏழு பேரும் வெறுங்காலில் நின்றிருந்தோம். "பூட்ஸ் இல்லாம ஃபைனல் ஆட முடியாதும்மா" என்றார். நாள் முழுக்க வெளிநாட்டுக்காரர்களின் கால்களுக்கு ஷூ தைக்கிற ஆம்பூர்ப் பெண்கள் நாங்கள். எங்கள் வரிசையில் யாரோ பக்கென்று சிரித்துவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால், சிரித்தது எங்கள் கேப்டன்.

அவரை நாங்கள் லீடர் அக்கா என்போம். ஷூ கம்பெனியில் எங்கள் தையல் லைனுக்கு அவர்தான் லீடர். பள்ளி நாட்களில் கபடியில் பெயர் எடுத்தவர். நல்ல உயரம், அதற்கேற்ற பெரிய பாதம். கம்பெனி கபடி டீமுக்குப் பயிற்சி கொடுக்க வந்த சார் ஒருநாள் முட்டை வடிவில் ஒரு பந்தைக் கொண்டுவந்து, "இது ரக்பி, ஆடிப் பாருங்க" என்றார். "இன்னாம்மா இது, பப்பாளியா?" என்று கேட்டார் கம்பெனி பஸ் டிரைவர். அன்று முதல் எங்களுக்கு அது பப்பாளிதான். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடலாம், ஆனால் பின்னால் வருகிறவளுக்கு மட்டும்தான் வீச வேண்டும் என்ற விதி எங்களுக்குப் பிடிபடவே பல வாரங்கள் ஆயின. எனக்குக் கால் வேகம் உண்டு, தைரியம் கம்மி. எதிரே ஆள் வந்தால் நின்றுவிடுவேன். "நீ ஓடு, பின்னாடி நான் வர்றேன்" என்று அக்கா கத்துவார். அந்தக் குரலை நம்பித்தான் ஓடினேன்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் டீம்களுக்கென்று முதன்முதலாக ஒரு நாக்-அவுட் கோப்பை அறிவித்தார்கள். வேலூரில் ஒரு பள்ளி மைதானம், சவுக்குக் கம்புகளைக் கட்டி நிறுத்திய கோல் கம்பங்கள், தோற்றால் அன்றே வீடு. முதல் ஆட்டங்களில் வெறுங்காலை யாரும் கேட்கவில்லை. ஃபைனலன்று காலை அரையிறுதியில் ராணிப்பேட்டை டீமோடு மோதினோம். அவர்கள் கேப்டன் போலீஸ் தேர்வுக்காக ஓடி ஓடி உடம்பை இறுக்கி வைத்திருந்த பெண். அவளும் அக்காவும் மோதிக்கொண்ட சத்தம் கம்பி வேலிக்கு வெளியே கேட்டிருக்கும். ஆட்டத்தின் நடுவே அவளுடைய பூட்ஸின் அடியிலிருக்கும் முள் எங்கள் பெண் ஒருத்தியின் பாதத்தில் இறங்கி, விரல் எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. வேண்டுமென்று மிதிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மாற்று ஆளை இறக்கி ஜெயித்த நாங்கள் அவர்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த அடியைப் பார்த்த பிறகுதான், இறுதி ஆட்டத்தில் வெறுங்கால் கூடாது என்று முடிவாகியிருக்கிறது.

எதிரணி வேலூர்க் கல்லூரிப் பெண்கள். ஒரே மாதிரி சட்டை, ஒரே மாதிரி பூட்ஸ். ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு ஓடவும் நேரமில்லை. ஆடாமலே கோப்பையைக் கொடுத்துவிடப்போகிறோம் என்று எனக்கு அழுகை முட்டியது. அப்போது வேலியோரம் உட்கார்ந்திருந்த ராணிப்பேட்டைப் பெண்கள் எழுந்து வந்தார்கள். குனிந்து கயிற்றை அவிழ்த்து, அவரவர் பூட்ஸை எங்கள் முன்னால் வைத்தார்கள். அந்தச் சூடு ஆறாத பூட்ஸில் கைக்குட்டையைச் சுருட்டி அடைத்து நான் காலை நுழைத்தேன். ஆறு பேருக்கு ஒருவாறு பொருந்திவிட்டது. அக்காவின் காலுக்கு மட்டும் எதுவும் ஏறவில்லை. இருந்ததில் பெரியது ராணிப்பேட்டைக் கேப்டனுடையது. அதிலும் கட்டைவிரல் மடங்கிக்கொண்டது.

அந்தக் கேப்டன் ஓடிப்போய் வாசலில் தர்பூசணி விற்றவரிடம் கத்தியை வாங்கிவந்தாள்.

"இன்னாக்கா பாக்குற? முன்பக்கம் அறுத்துக்கோ."

"உங்கண்ணன் துபாய்லேர்ந்து அனுப்புனதுன்னு சொன்னாங்களேடி."

"அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். கப்பு ஜெயிச்ச டீம்கிட்டதான் தோத்தோம்னு நாங்க ஊர்ல சொல்லணும். அறு!"

அக்கா ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பூட்ஸைத் தொடையில் அழுத்திப் பிடித்து முன்நுனியை அறுத்தார். வெளியே நீட்டிய விரல்மேல் டேப்பைச் சுற்றினார். நடுவர் குனிந்து பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, போங்க" என்று விசிலை ஊதினார்.

அந்த ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் மூச்சு வாங்குகிறது. முதல் பாதியிலேயே அவர்கள் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தி ட்ரை போட்டார்கள். அதற்குப் பிறகு கிடைக்கும் கூடுதல் உதை மட்டும் வெளியே போனது. நாங்கள் முட்டினோம், விழுந்தோம், எழுந்தோம். ஆட்டம் முடியும் தறுவாயில் பந்து என் கைக்கு வந்தது. ஓரமாகவே ஓடினேன். வேலிக்கு அப்பாலிருந்து ராணிப்பேட்டைப் பெண்கள் வெறுங்காலோடு என்கூடவே ஓடிவந்து, "வுடாத, வுடாத" என்று அலறினார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் ஒருத்தி என் இடுப்பைக் கட்டிப் பிடித்துவிட்டாள். விழும்போதே "நான் வர்றேன்!" என்ற குரல் கேட்டது. அந்தப் பக்கம் பார்க்காமலே பந்தைத் தள்ளினேன். நிமிர்ந்தபோது அக்கா கோட்டைத் தாண்டி, மூலைக்கொடியருகே பந்தின்மேல் படுத்திருந்தார்.

இப்போது இரு அணியும் சமம். கூடுதல் உதையில் பந்து இரண்டு கம்பங்களுக்கும் நடுவே, குறுக்குக் கம்புக்கு மேலே போனால் கோப்பை எங்களுக்கு. பந்தைத் தரையில் விட்டு, அது எழும்பும்போது உதைக்க வேண்டும். மூலையிலிருந்து பார்த்தால் கம்பங்கள் இரண்டும் ஒட்டினாற்போலத் தெரிந்தன. அக்கா உதைத்தார். பந்து குறுக்குக் கம்பில் மோதி மேலே எழும்பி, நாங்கள் அத்தனை பேரும் வாயைப் பிளந்து நிற்க, அந்தப் பக்கம் விழுந்தது.

அக்கா துள்ளிக் குதித்தார். சந்தோஷம் பாதி, வலி பாதி. நகம் பெயர்ந்து டேப்பெல்லாம் ரத்தம். முதலில் ஓடிவந்து அவரைத் தூக்கியது ராணிப்பேட்டைக் கேப்டன். கோப்பையை வாங்கப் போனபோது அக்கா அவளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஆளுக்கொரு கைப்பிடியாகத் தூக்கினார்கள்.

இன்று அதே கோப்பைக்கு வெள்ளைச் சுண்ணாம்புக் கோடுகள், மைக், கைப்பேசியில் நேரடி ஒளிபரப்பு எல்லாம் வந்துவிட்டன. வெறுங்காலில் யாரும் வருவதில்லை. அந்தக் கேப்டன் காக்கிச் சட்டை போட்டுவிட்டாள். அக்கா இன்னொரு கம்பெனியில் சூப்பர்வைசர். என் மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிறேன். விசில் ஊதினால் என் கால்கள் தாமாகத் துடிக்கின்றன.

ஆனால் அடுத்த ஆண்டு நடந்ததைச் சொல்லாவிட்டால் கதை பாதிதான். கோப்பை ஜெயித்த மறுவாரமே அக்கா அந்த ராணிப்பேட்டைக் கேப்டனைக் கூட்டிக்கொண்டு ரயிலேறிச் சென்னைக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, புது ரக்பி பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். மறு ஆண்டு முதல் சுற்றிலேயே எங்களுக்கு ராணிப்பேட்டை. கடைசி நிமிடத்தில் அவள் பந்தோடு பாய்ந்து வந்தாள். அக்கா குறுக்கே விழுந்தார், கைக்கு எதுவும் அகப்படவில்லை. அவள் எங்கள் கோட்டைத் தாண்டி விழுந்தாள், நாங்கள் வெளியே.

அக்கா மண்ணைத் துப்பிக்கொண்டே தலையைத் தூக்கிக் கேட்டார்: "பூட்ஸ் எப்டிடி இருக்குது?"

"சூப்பர்க்கா" என்றாள் அவள், மூச்சிரைக்க. "கொஞ்சங்கூட கடிக்கல."