வலப்பக்கத்தில் எழுதியது

அம்மா எதையும் ஒரு தடவைதான் சொல்வாள். நம் காதில் விழுந்ததா என்று பார்ப்பதுகூடக் கிடையாது. சொல்லி முடித்ததும் கையில் இருக்கும் துணியின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிவிடுவாள். அதோடு பேச்சு முடிந்தது. எனக்கு ஏழு வயதில் அப்பா வீட்டை விட்டுப் போனதைச் சொன்னதும் அப்படித்தான். "அப்பா இனி வரமாட்டாரு" என்றாள், என் பாவாடை ஓரத்தை நீவினாள், தட்டை எடுத்து வைத்தாள்.

பத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். ரத்தக்கறை பட்ட விரிப்புகளைத் தனியே பச்சைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். காய்ந்ததை, வார்டு எண் தைத்த மூலை மேலே தெரியும்படி மடிக்க வேண்டும். மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிர்முனையைப் பிடிப்பவள் ரேடியோ அக்கா. ஷிப்டு முழுக்க வாய் ஓயாததால் வந்த பெயர். அம்மாவிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நூறு விரிப்பு மடிந்துவிடும் என்று என்னிடம் அலுத்துக்கொள்வாள்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதுவும் நாடகத் துறைக்கு. ஒருநாள் மாமா வீட்டுக்கே வந்து, கூத்தடிக்க எதற்குப் படிப்பு, கடையில் பில் போட ஆள் தேடுகிறார்கள், அனுப்பு என்று சத்தம் போட்டார். அம்மா, "அவ படிக்கட்டும்" என்றாள். ஒரு தடவை.

இரண்டாம் ஆண்டில் நாடகப் பிரதியைப் பகுத்துப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். நோட்டின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் பாத்திரம் பேசும் வசனம். வலப்பக்கம், அந்தப் பேச்சால் அவருக்கு உண்மையில் என்ன வேண்டியிருக்கிறது என்பது. யாரும் தனக்கு வேண்டியதை நேராகக் கேட்பதில்லை, அதனால்தான் அது நாடகமாகிறது என்றார் ஆசிரியை. எனக்கு இது பித்தாகப் பிடித்துக்கொண்டது. பஸ் கண்டக்டர், மளிகைக்கடைக்காரர், யார் பேசினாலும் மனதுக்குள் ஒரு கோடு போட்டேன். எல்லாருடைய குட்டும் என் கையில் இருப்பதாக ஒரு தெனாவட்டு.

வீட்டில் கேட்ட பேச்சு ஒன்றைப் பகுத்து எழுதிவரச் சொன்ன வாரம் நானும் அம்மாவும் போர்வை மடித்துக்கொண்டிருந்தோம். அவள் பிடித்திருந்த முனை நழுவி விழுந்தது. எடுத்தாள். மறுபடி விழுந்தது.

"இடது கை அப்பப்ப மரத்துப்போவுது. பிடி நிக்கல" என்றாள். வலது கட்டைவிரலால் ஓரத்தை நீவினாள்.

இடப்பக்கம் அதை அப்படியே எழுதினேன். வலப்பக்கம்: 'நான் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போக வேண்டும். நேராகக் கேட்க மனம் வராமல் கையைச் சாக்கு வைக்கிறாள்.' மாமா வந்துபோனதை ஆதாரமாகக் காட்டினேன். அவருக்கு அம்மா சொன்ன பதிலை மட்டும் விட்டுவிட்டேன். என் விளக்கத்துக்கு அது இடைஞ்சலாக இருந்தது. ஆசிரியை ஓரத்தில் 'கூர்மை' என்று எழுதி, வகுப்பில் வாசித்தும் காட்டினார். கை எப்படி இருக்கிறது என்று நான் அம்மாவைக் கேட்கவே இல்லை. கேட்டால் அவள் வலையில் விழுந்ததாகிவிடும் என்று நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பகலில் எங்கள் துறையின் நாடகம். எனக்கு நாலே வசனம். அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வேலைநாளில் எப்படி வந்தாள் என்று யோசிக்கத் தோன்றவில்லை. சாயங்காலம், "நீ பேசினது பின்னாடி வரைக்கும் கேட்டுச்சு" என்றாள். பாராட்ட வேறு ஒன்றும் கிடைக்கவில்லையாக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

நாடகம் முடிந்த பதினோராம் நாள், சலவைக்கூடத்தில் மடிக்கிற மேஜையருகே விழுந்தாள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. இரண்டு மாடி மேலே கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். இதற்கு முன் கை மரத்துப்போகிறது என்று ஏதாவது சொன்னார்களா என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு தடவை சொன்னாங்க" என்றேன்.

மூன்று நாள் பேச்சில்லாமல் கிடந்தாள், அவளே மடித்து அனுப்பியிருக்கக்கூடிய விரிப்பின் மேல். வலது கட்டைவிரல் மட்டும் அதன் ஓரத்தைத் தேடிக்கொண்டிருந்தது. நாலாம் நாள் அதுவும் நின்றது.

அவளுடைய அலமாரியைக் காலி செய்யச் சலவைக்கூடத்துக்குப் போனேன். ஒரு துண்டு, ரப்பர் செருப்பு, டிபன் பாக்ஸ். ரேடியோ அக்கா விரிப்பின் ஒரு முனையில் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்திவிட்டு ஒற்றை ஆளாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வெள்ளிக்கிழமை கையைக் காட்டினாளே, டாக்டர் என்னடி சொன்னாரு? எத்தனை தடவ கேட்டும் அவ சொல்லல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவே விளக்கினாள். மேலே டாக்டர் வரிசையில் நின்றால் ஒரு நாள் போய்விடும். அன்று இரண்டு பேருக்கும் வெவ்வேறு ஷிப்டு; அதற்காக அம்மாவின் ஷிப்டையும் சேர்த்துப் பதினாறு மணி நேரம் அக்காவே நின்றிருக்கிறாள். பதிலுக்கு அம்மா ஒரு நாள் அக்காவுக்காக நிற்க வேண்டும். அங்கே அதுதான் வழக்கம்.

"அன்னிக்கு அம்மா என் நாடகத்துக்கு வந்துச்சுக்கா."

அக்கா கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். அவள் பேசாமல் நின்று அன்றுதான் பார்த்தேன்.

"கேட்டிருந்தா அதுக்கும் நான் நின்னிருப்பேனேடி" என்றாள் கடைசியில்.

அந்த ஒரு நாளை நான் வந்து செய்கிறேன் என்றேன்.

"உன்னை எவன் உள்ள விடுவான்? பாஸ் வேணும். போய்ப் படி."

வரும் பதினெட்டாம் தேதி அக்காவின் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன். அன்றைக்கு அம்மா நிற்பதாகப் பேச்சு. அந்த ஷிப்டுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.