கிளேபாங் கரையில் நான் பார்க்காத படகு

நான் ஒரு சாப்பாட்டு ராமன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்த அசிங்கம் அத்தனைக்கும் இந்தப் பாழாய்ப்போன வயிறுதான் காரணம்.

அறுபதுகளில் இந்தோனேசியாவோடு மலேசியா மோதிக்கொண்டிருந்த காலம். கடல் வழியாக ஆயுதத்தோடு ஆட்கள் இறங்குகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. மலாக்கா துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்த நான், கரைக்காவலில் தொண்டூழியனாகச் சேர்ந்தேன். சனிக்கிழமைப் பகல் என் முறை. கிளேபாங் கரையில் ஓர் அத்தாப்பு ஓலைக் கொட்டகை, ஒரு தொலைநோக்கி, ஒரு நோட்டுப் புத்தகம். அரை மணிக்கு ஒரு தடவை கடலைப் பார்த்து, பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதைக்கூட நான் ஒழுங்காகச் செய்யவில்லை.

கொட்டகைக்குப் பக்கத்து வீட்டு மலாய் மீனவர், நாங்கள் 'பாக் சிக்', அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுகிறவர், தினமும் காவலாளிகளுக்குக் காப்பி கொண்டுவந்து வைப்பார். அப்போது கெராகாவ் என்கிற பொடி இறால் கரையோரம் குவிந்திருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் வலையைத் தள்ளிக்கொண்டே நடந்து அள்ளுவார்கள். "கொஞ்ச நாளைக்குத்தான் வரும் தம்பி. இத வச்சுத்தான் எங்களுக்கு வருசமே ஓடணும்" என்று மலாயில் சொல்லுவார்.

அந்தச் சனிக்கிழமை கம்போங் செட்டியில் பழப் படையல். கிடங்கில் என்னோடு வேலை பார்த்த, வீட்டில் மலாய் பேசும் மலாக்கா செட்டி நண்பன் அழைத்திருந்தான். கூடக் காவல் நிற்க வேண்டியவர் காய்ச்சல் என்று வரவில்லை. கடலும் வெறுமனே கிடந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு காஜா பெராங்கில் இருக்கும் அந்தக் கம்போங்குக்குப் போய்விட்டேன்.

"மாரிலா, மாக்கான் டூலு!" வா, முதலில் சாப்பிடு என்று நண்பன் கையைப் பிடித்து உட்கார வைத்தான். அவன் முன்னோர்களுக்குப் படைத்த டுரியானை நான் கூச்சமில்லாமல் விழுங்கினேன். வாடை போக, டுரியான் ஓட்டில் தண்ணீர் ஊற்றிக் கையைக் கழுவிக்கொண்டு திரும்பினேன்.

கொட்டகையில் எங்கள் பொறுப்பதிகாரி நின்றிருந்தார். பெஞ்சில் காப்பி ஆறிக் கிடந்தது.

"ரெண்டு மணி நேரமா கையெழுத்து இல்ல. எங்க போன நீ?"

சாப்பிடப் போனேன் என்று சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார், மிஞ்சினால் விலக்கியிருப்பார். வாய் முந்திக்கொண்டது.

"ஒரு படகு சார். மோட்டார் போட், பச்சை. நாலு பேரு. கரையோரமாவே தொடர்ந்து போனேன், தப்பிச்சிட்டாங்க."

அவர் மூக்கைச் சுளித்தார். "டுரியான் வாடை வருதே?"

நான் வாயைத் திறக்குமுன் அவரே சிரித்தார். "இந்த சீசன்ல யாருகிட்டதான் லா இல்ல. நல்லா பார்த்த, போ" என்று தோளில் தட்டினார்.

மறுநாள் உத்தரவு வந்தது. மறு அறிவிப்பு வரும்வரை அந்தக் கரையில் யாரும் கடலில் கால் வைக்கக்கூடாது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்பார்களே, அந்த வேலி நான்தான்.

உண்மையைச் சொல்ல இரண்டு தடவை அதிகாரி வீட்டு வாசல்வரை போனேன். இரண்டு தடவையும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தேன். சீ, நானும் ஒரு மனுஷனா! வீட்டில் மூன்று வேளையும் சோறு இறங்கத்தான் செய்தது.

தடை நீங்கியபோது கெராகாவ் போய்விட்டிருந்தது. மீனவர் வலையை மடித்து வீட்டுக்குள் போட்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து, ஒரு பாட்டில் சிஞ்சாலோக்கைக் கையில் திணித்தார். தடைக்கு முன்னால் பிடித்த பொடி இறாலை உப்பில் ஊறப்போட்டது.

"உங்களுக்கே வேணுமே பாக் சிக்" என்றேன்.

"இருக்கட்டும். இறால் அடுத்த வருசம் வரும். அன்னிக்கு நீ காப்பியக்கூடக் குடிக்காம அவனுங்க பின்னால ஓடினியே, எங்க பிள்ளைங்களுக்காகத்தானே?"

இப்போதாவது சொல்லடா என்று உள்ளே ஒன்று கத்தியது. "நன்றி" என்று சொல்லிப் பாட்டிலை வாங்கிக்கொண்டேன்.

அன்று மதியம் மனைவி அதில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் அரிந்து போட்டு, எலுமிச்சை பிழிந்து வைத்தாள். "நல்லா இருக்குங்க. இன்னொரு பாட்டில் கேட்டா குடுப்பாரா?" என்றாள். தட்டை நீட்டி இன்னொரு தடவை சோறு வாங்கிக்கொண்டேன்.