கடலூரிலேயே நிற்கும் மாமா

எங்கள் மயூர் விஹார் அபார்ட்மெண்டின் மாடிவீட்டு மாமாவும் மாமியும் ரிட்டயர் ஆனவர்கள். தினமும் பார்க்கில் நடக்கும் தூரத்தை, சென்னையிலிருந்து கடலோரமாகத் தெற்கே போவதாக எண்ணிக்கொள்வார்கள். எட்டிய ஊருக்கு, சென்னையில் மகள் வீட்டுக்குப் போகும்போது நிஜமாகவே ஒருநாள் போய்க் கடல் பார்த்துவிட்டு வருவார்கள்.

இன்று காலை மாமா மட்டும் நடந்துகொண்டிருந்தார். மாமிக்கு நாலு நாளாக முழங்கால் வலி.

"இப்ப எந்த ஊர் மாமா?"

"கடலூர்தான். இந்த நாலு நாள் நடந்ததைச் சேர்க்கல."

"ஏன்?"

"எனக்கென்ன ஜல்தி? அடுத்தது பிச்சாவரம். அவ இல்லாம நான் மட்டும் படகு ஏறி என்ன பண்றது?"

நானும் அவரோடு ஒரு சுற்று நடந்தேன். அவர் கணக்குப்படி நான் இன்னும் மெரினாவையே தாண்டவில்லை.

எனக்கு முழங்கால் வலித்தால், மெரினாவிலேயே நாலு நாள் நிற்க யாராவது இருக்கிறீர்களா?