ஏட்டையா வைத்த பொட்டு

எங்கள் ஸ்டேஷனில் ஆயுத பூஜை என்றால் ஜீப், துப்பாக்கி, லத்தி, ஜெராக்ஸ் மிஷின் எதுவும் பொட்டுக்குத் தப்பாது. எல்லாவற்றையும் முன்னின்று நடத்தியவர், இப்போது ஓய்வு பெற்றுவிட்ட ஏட்டையா. அவருடைய பக்தி தடயப் பொருட்கள் வைக்கும் அறைக்குள்ளும் போயிருந்தது என்பது, பெண் காவலரான என்னிடம் அந்த அறையின் சாவி வந்த பிறகுதான் தெரிந்தது.

பல வருடங்களுக்கு முன்பு மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளித் தோட்டத்தில் ஒருவரை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். ஆள் பிடிபடவில்லை. அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு இருந்ததால் ஊர் செத்தவரின் அண்ணனைக் கை காட்டியது. ஆதாரம் எங்களிடம் இல்லை. ஊருக்கு அது தேவைப்படவும் இல்லை. செத்தவரின் மனைவி ஒரே வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பி, அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

அண்ணன் மட்டும் விடாமல் ஸ்டேஷனுக்கு வருவார். "நம்ம கேஸு என்னாச்சுங்க?" என்பார். சந்தேகத்துக்கு ஆளானவரே கேஸைத் துரத்துவது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. போகப் போக எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய கொலை வழக்குத் தடயங்களை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. அந்தக் கேஸின் அரிவாளையும், வெட்டியவன் காயம்பட்ட கையைத் துடைத்து எறிந்ததாகக் கருதிய துண்டையும் எடுத்தேன். துண்டு உறைக்குள் சீல் கலையாமல் இருந்தது. அரிவாள் முழுக்கச் சந்தனம், குங்குமம்! ஏட்டையாவுக்கு ஃபோன் போட்டேன்.

"ஆயுதம்னா ஆயுதந்தானம்மா. ஜெராக்ஸ் மிஷினுக்கு வெச்சுட்டு அருவாள வுட்டா சாமி கோவிச்சுக்காதா?"

ஒப்பிட்டுப் பார்க்க எச்சில் கேட்டார்கள். பஞ்சுக் குச்சியைப் பார்த்ததுமே அண்ணன் வாயைத் திறந்துவிட்டார். அரிவாளைத் தொட்டவர் என்பதால் ஏட்டையாவும் திறக்க வேண்டியதாயிற்று. "உண்மைய ஒத்துக்கிட்டு வெரசா வூடு வந்து சேருங்க" என்று அவர் வீட்டம்மா சொல்லி அனுப்பினாராம்.

முடிவு வந்தது. அரிவாளில் சிக்கிய ஒரே ஆள் ஏட்டையா. ஸ்டேஷனே சிரித்தது, எனக்கு ஆத்திரமாக வந்தது. நல்லவேளை, துண்டு காப்பாற்றியது. அதில் செத்தவரின் ரத்தத்தோடு வேறொருவர் ரத்தமும் இருந்தது. அது அண்ணனுடையது இல்லை. அந்த ஆளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சுவருக்கு இரண்டு பக்கமும் கேட்கும்படி நானே போய்ச் சொன்னேன். பிறகு செத்தவரின் மனைவி சுவரைச் சுற்றி வந்து, சொம்புத் தண்ணீரை நீட்டினார்.

"குடிங்க மாமா."

அண்ணன் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. தம்பி மனைவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நான் பண்ணுலன்னு இத்தன வருசமா இந்த வாயாலதாங்க சொன்னேன். ஒருத்தரும் நம்புல. அதே வாயில பஞ்ச வுட்டு எடுத்தப்பறந்தான் நம்பறீங்க."