பாண்டியில் படித்த பெண்

போன வாரம் திட்டக்குடியில் ஒரு கிரகப்பிரவேசம். மாமியாரும் நானும் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தோம். திட்டக்குடி பஸ் எப்போது வரும், எந்தப் பக்கம் நிற்கும் என்பது எங்கள் ஊரில் தீராத சஸ்பென்ஸ். என் கையில் சீர்த் தட்டுப் பை. மாமியார் கையில் பாதி உரித்த சாத்துக்குடி.

"அரே, வசந்தி!"

பின்னாலிருந்து ஒரு குரல். எங்கள் ஊரில் யாரும் யாரையும் 'அரே' போட்டுக் கூப்பிடுவதில்லை. திரும்பாமலே தெரிந்துவிட்டது... மேரி!

முதலில் தோன்றியது ஒன்றுதான். இவள் உயிரோடு இருக்கிறாள்.

மேரியைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுத முடியாது. ஏனென்றால் மேரியைப் பற்றி எழுதினால் நான் எங்கே படித்தேன் என்று எழுத வேண்டிவரும்.

வாராவாரம் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும், "நான் பாண்டியில் படித்தபோது" என்று அவ்வப்போது எடுத்துவிடுவேன். பாண்டி பீச், பாண்டி பன், பாண்டி மழை. அங்கிருந்து ஒரு வாசகி, "எந்த காலேஜ் மேடம்? நானும் அதே வருஷங்கள்தான்" என்று ஆசையாகக் கேட்டு எழுதியிருந்தார். பதில் போடவில்லை. என்னவென்று போடுவது? பாண்டியில் நான் ஒரு நாள்கூடப் படித்ததில்லையே!

நான் படித்தது அந்தமானில்.

அப்பாவுக்குப் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. ஃபியூஸ் கட்டையும் ஊறுகாய் ஜாடியும் சுட்ட சூளை. நான் பிளஸ் டூ முடித்த வருஷம் கம்பெனியை மூடிவிட்டார்கள். காலேஜ் கனவும் அதோடு சரி என்று நினைத்திருந்தபோது அம்மாவின் தங்கை, ருக்மணி சித்தி, போன் பண்ணினாள். சித்தப்பாவுக்குப் போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில், பம்பூ ஃபிளாட்டில், மர மில்லில் வேலை. பிள்ளை இல்லை. "புள்ளைய இங்க அனுப்பு, நாங்க படிக்க வெக்கிறோம்" என்றாள். கப்பலில் ஏற்றிவிட்டார்கள். வழியெல்லாம் வாந்தி. இறங்கியதும் ஊரே ஆடியது.

அப்புறம் மூன்று வருஷம்... என்ன சொல்ல? இன்றுவரை என் வாழ்க்கையில் நான் வாழ்ந்த வருஷங்கள் என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அங்கே விடிகாலை நாலரைக்கே வெளிச்சம் வந்துவிடும். சாயந்திரம் ஐந்தரைக்கு விளக்கு போட்டாக வேண்டும். சூரியன் தீவுக்கு முதலில் வந்துவிடுகிறது, கடிகாரம் மட்டும் நம் ஊர்க் கடிகாரம். நாள் முழுக்க நமக்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருப்பதுபோல இருக்கும். ஓட எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் கரையிலிருந்து காலேஜுக்குப் படகில் போக வேண்டும். அந்தப் படகில்தான் மேரி. தாத்தா காலத்திலேயே ராமநாதபுரத்திலிருந்து போன குடும்பம். பாதி தமிழ், பாதி இந்தி, மீதி சிரிப்பு. நான் தினமும் லேட். சித்தி வீடு மேட்டில். படகு கிளம்பும் சத்தம் கேட்டுத்தான் செருப்பையே மாட்டுவேன். மேரி என்ன செய்வாள் தெரியுமா? ஒரு காலைப் படகிலும் ஒரு காலை ஜெட்டியிலும், அதாவது படகுத்துறையிலும், வைத்துக்கொண்டு நிற்பாள். அப்படி ஒருத்தி நின்றால் சாரங்கு படகை எடுக்க முடியாது. சாரங்கு என்றால் படகோட்டி. அவர் இந்தியில் திட்டுவார். படகில் இருக்கிற மீன்காரம்மா முதல் வாத்தியார் வரை எல்லோரும் திட்டுவார்கள். இவள் காலை எடுக்க மாட்டாள். நான் மூச்சு வாங்க ஓடி வந்து குதித்த பிறகுதான் எடுப்பாள். மூன்று வருஷம் முழுக்க அப்படித்தான் டிகிரி வாங்கினேன். பாதி அவளுடைய கால் வாங்கிக் கொடுத்தது.

கப்பல் வந்த மறுநாள் அபர்டீன் பஜாரில் தமிழ் வாரப் பத்திரிகைகள் வரும். எல்லாம் பழைய இதழ்கள். பொங்கல் சிறப்பிதழை மாசிக்கு அப்புறம் படிப்போம். அதனால் என்ன? மேரிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். படகில் உட்கார்ந்து நான் சத்தமாகப் படிக்க, அவள் கேட்பாள். "நீ ஒரு நாள் இதுல எழுது வசந்தி, நான் கூட்டிக் கூட்டிப் படிக்கிறேன்" என்பாள். என்னை நம்பி ஒருவர் சொன்ன முதல் வார்த்தை அது.

சரி. ஊருக்கு வந்தேன். அப்போதுதான் தெரிந்தது, நான் செய்தது எவ்வளவு பெரிய குற்றம் என்று.

முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் நல்லூர்ப் பக்கம். பையனின் பெரியப்பா காபியை வைத்துவிட்டுக் கேட்டார்:

"தீவுலயா? மூணு வருஷமா? யாரு வூட்டுல?"

"சித்தி வூட்டுலதாங்க" என்றார் அப்பா.

"சித்தப்பன் எப்பிடி ஆளு?"

எப்படி ஆள்? எனக்குக் காய்ச்சல் என்றால் ஈரத் துணியோடு இரவெல்லாம் உட்கார்ந்திருந்த ஆள். கேட்டவர் சாதாரணமாகத்தான் கேட்டார், மழை வருமா என்று கேட்பதுபோல. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்த இடத்தில் அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. அந்த மௌனத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் இப்போது இல்லை, அதனால் மன்னிப்பதும் மன்னிக்காததும் என் பாடுதான்.

அந்த இடம் தட்டிப்போனது. அடுத்ததும். மூன்றாவதாகத் தரகர் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தமான் காலேஜ்கள் எல்லாம் பாண்டிச்சேரியோடு இணைப்பு. டிகிரி சர்டிபிகேட் அங்கிருந்துதான் வரும். அதில் அந்தமான் என்ற வார்த்தையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

"சர்டிபிகேட்டுல பாண்டின்னுதானே போட்டிருக்குது? அப்பறம் என்னா? பாண்டியில படிச்சான்னு சொல்லுங்க. பொய்யா சொல்றோம்?"

அவ்வளவுதான்! ஒரே நாளில் என் தீவு கடலில் மூழ்கிவிட்டது. போட்டோக்களை அம்மா எங்கோ வைத்தாள், பிறகு கண்ணில் படவில்லை. மேரியிடம் இனிமேல் லெட்டர் போடாதே என்று நானே சொல்ல வேண்டிவந்தது. அவள் ஏன் என்று கேட்கவில்லை. கல்யாணம் ஆயிற்று.

ஆனால் உடம்பு பொய் சொல்லுமா? புகுந்த வீட்டிலும் நாலரைக்கே விழித்துக்கொள்வேன். "என்னா வளர்ப்பு பாரு" என்று மாமியார் தெருவெல்லாம் பெருமை பேசினார். வளர்ப்பாவது... அது அந்தமான் சூரியன்! ஒரு முறை கம்பளி விற்க வந்த வடநாட்டுக்காரரிடம் வாய் தவறி முழு இந்தியில் பேரம் பேசிவிட்டேன். மாமியார் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார்.

"பாண்டியில இந்தியெல்லாம் சொல்லித் தராங்களா?"

"ஸ்பெஷல் கிளாஸுங்க அத்தை."

"ஓ" என்றார். அவ்வளவுதான்.

பிறகு அந்த டிசம்பர். கடல் ஊருக்குள் வந்த டிசம்பர். டி.வி.யில் கடலூரைக் காட்டினார்கள், நாகப்பட்டினத்தைக் காட்டினார்கள். நடுவில் சில நொடிகள் போர்ட் பிளேர். உடைந்து கிடந்த ஒரு ஜெட்டி. அது எங்கள் ஜெட்டியா? அதற்குள் விளம்பரம் போட்டுவிட்டார்கள். சித்தியும் சித்தப்பாவும் அதற்கு முன்பே விழுப்புரத்துக்குக் குடிவந்துவிட்டார்கள், தீவில் விசாரிக்க எங்களுக்கு ஆள் இல்லை. இருந்தாலும் யாரிடம், என்னவென்று விசாரிப்பது? பாண்டியில் படித்த பெண்ணுக்கு அந்தமானில் என்ன வேலை? வீடு நிறைய ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். மாமியார் பார்த்தார். "கடலூரை நெனச்சா தாங்க முடியலிங்க அத்தை" என்றேன்.

மேரி இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமலே வருஷங்கள் போயின. இப்போது சொல்லுங்கள், பஸ் ஸ்டாண்டில் அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்?

ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் பருத்திருந்தாள். பின்னால் சூட்கேஸோடு ஒரு மனிதர், அவள் கணவர்.

"காலையிலேர்ந்து உன்னத்தான் தேடுறேன்! பீங்கான் கம்பெனி மாணிக்கம் வீடு எதுன்னா, கம்பெனியே இல்லேங்குறாங்க! வேளாங்கண்ணிக்குப் போறோம். வழியில உன்னப் பாக்காம எப்படிப் போறது?" மாமியாரைப் பார்த்துச் சிரித்தாள். "நமஸ்தே ஆண்ட்டி. நாங்க போர்ட் பிளேர்ல ஒண்ணா படிச்சவங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். சாத்துக்குடித் தோலைக் கீழே போட்டுவிட்டு, ரொம்ப அமைதியாக.

"ஆள் மாறிப் பேசுறம்மா. எம் மருமவ பாண்டியில படிச்சவ. வசந்தின்னு இந்த ஊருல எத்தினியோ பேரு இருக்குது."

மேரி என்னைப் பார்த்தாள். நான் எதிரே நின்ற பஸ்ஸின் போர்டைப் பார்த்தேன். 'வேப்பூர்' என்று எழுதியிருந்தது. அந்த நான்கு எழுத்தை எத்தனை முறை படித்தேனோ...

அவள் கையை விட்டாள். என் தாலியைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. அவளுக்கு எப்போதும் சீக்கிரம் புரிந்துவிடும்.

"சாரிங்க. ஆள் மாறிப்போச்சு."

என்னை அவள் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர்கள் போக வேண்டிய சிதம்பரம் பஸ் நகர ஆரம்பித்திருந்தது. கணவர் ஏறிவிட்டார். மேரி ஒரு காலைப் படியில் வைத்தாள். இன்னொரு கால் தரையில். அப்படியே நின்று திரும்பிப் பார்த்தாள். கண்டக்டர் விசிலை ஊதினார். "ஏறும்மா, ஏறு! பஸ்ஸு போவ வேணாமா?" என்று கத்தினார். உள்ளேயிருந்து யாரோ திட்டினார்கள். அவள் காலை எடுக்கவில்லை.

எனக்காகத்தான் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். பத்தடி தூரம். நான் நகரவில்லை.

கடைசியில் காலை எடுத்துவிட்டாள்.

திட்டக்குடி பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தோம். ஊர் தாண்டியதும் மாமியார் சாவதானமாகக் கேட்டார்.

"சுனாமி வந்தன்னைக்கு டி.வி. முன்னாடி அப்பிடி அழுதியே. கடலூருக்கா அழுத?"

நான் சீர்த் தட்டுப் பையை மடியில் நேராக வைத்தேன்.

"தெரியும்டி. நிச்சயத்துக்கு முன்னாடியே தெரியும். தரகன் பொண்டாட்டி வந்து சொல்லிட்டுப் போயிட்டா."

"தெரிஞ்சுமா... அப்பறம் ஏங்க அத்தை என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா ஆமான்னு சொல்லிட்டுப் போயிடுவ. அப்பறம் உனக்கு என்னா பயம்? மறைக்கறதுக்கு ஒண்ணு இருக்குற வரைக்கும் பொம்பள எதுத்துப் பேச மாட்டா. இத்தினி வருசத்துல என்னை ஒரு வார்த்த எதுத்துப் பேசியிருப்பியா நீ?"

கோபமாகச் சொல்லவில்லை. ரசத்துக்கு எவ்வளவு புளி என்று சொல்லித்தருகிற அதே குரல். சொல்லிவிட்டு ஒரு சாத்துக்குடிச் சுளையை என் கையில் வைத்தார். நானும்... சாப்பிட்டேன்.

மறுநாள் காபி கொடுக்கும்போது கணவரிடம் சொன்னேன். பேப்பரை மடிக்காமலே, "அம்மா அப்பவே சொன்னாங்க" என்றார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது! யாருக்குத் தெரியக்கூடாது என்று நான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்?

ஊரில் 'தங்கமான மருமகள்' என்று பேர் வாங்கியவர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. பாவம், இவள் எதை மறைக்கிறாளோ?

மாமியார் இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர். என் பெயரை அச்சில் பார்ப்பதில் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம், அதையும் சொல்லிவிட வேண்டும். இந்த வாரமும் மத்தியானம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். படிக்கட்டும். மறைக்க இனி என்னிடம் ஒன்றுமில்லை.

இந்த இதழும் கப்பலேறி, பழசாகி, ஒரு நாள் அபர்டீன் பஜாருக்குப் போய்ச் சேரும். அங்கே ஒருத்தி எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிப்பாள் என்று நம்புகிறேன். அவளுக்காக இதைச் சின்ன வார்த்தைகளில் எழுதுகிறேன்.

மேரி, ஆள் மாறவில்லை. அது நான்தான்.